சர்க்கரை போடாத க்ரீமரும் கோமதியின் ரிப்போர்ட்டும்

காப்பியில் ஊற்றிக்கொள்ளும் க்ரீமரைக் கடலூரில் வீட்டிலேயே செய்து விற்பவனுக்கு இரண்டு வேலை: அது என்னவென்று வாங்குகிறவருக்குப் புரியவைப்பது ஒன்று, தனக்கே அது புரிந்ததா என்று திருதிருவென விழிப்பது இன்னொன்று. முதல் வேலையில் நான் பாதி தேறிவிட்டேன். இரண்டாவதில் இன்னும் அரியர்தான்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலேயும் லேப் ரிப்போர்ட்டுகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கிடக்கும். காப்பி குடிக்கிற நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் மனைவி கோமதி. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காப்பி. பால் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும், சர்க்கரை ரெண்டு ஸ்பூன். சர்க்கரை நோய் வந்த பிறகும் நாலு மூன்றாகவில்லை. மஞ்சக்குப்பத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா ஒருநாள் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, சர்க்கரையை மட்டும் இல்லை, இத்தனை பாலையும் நிறுத்த வேண்டும், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். கோமதியின் அக்காவுக்கு இதே சர்க்கரையால் கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அதனால் ஊசி என்றால் அடுத்தது விரல் என்று கோமதி மனசுக்குள் முடிவே கட்டி வைத்திருந்தாள். வீடு வந்ததும், பால் இல்லாமல் கடுங்காப்பி குடித்துப் பாரேன் என்றேன்.

"அதுக்கு ஊசியே போட்டுக்கினு போறன்" என்றாள்.

முதல் டம்ளர்

நான் இருபது வருஷம் மோட்டார் பம்பு கடையில் விற்பனையாளனாக இருந்தவன். கடை மூடிய பிறகு வீட்டில் ஃபேனுக்குக் கீழே இருந்தேன். எனக்கு அடுப்பைப் பற்றித் தெரிந்தது, அது சமையலறையில் இருக்கிறது என்பதுதான். ஆனாலும் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு முறையைப் பிடித்தேன். பாதாமை ஊறவைத்து, தோலுரித்து, நைசாக அரைத்து, வேட்டித்துணியில் பிழிய வேண்டும். அதோடு தேங்காயின் முதல் பாலைக் கலந்து, கொதி வராமல் சூடுபண்ண வேண்டும். சர்க்கரைக்குப் பதில் சீனித்துளசிப் பொடி ஒரு சிட்டிகை, உப்பு அதில் பாதி. மாவுச்சத்து குறைவு, சர்க்கரை கிடையாது, பசும்பாலும் கிடையாது. ஆறவைத்து பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

முதல் பாட்டிலை எடுத்து, கொதிக்கக் கொதிக்க இருந்த டிகாக்ஷனில் இரண்டு கரண்டி ஊற்றினேன். வெள்ளையாக ஏதோ மேலே மிதந்தது, கறுப்பாக ஏதோ கீழே நின்றது. கலக்கினால் இரண்டும் சேருவதற்குப் பதிலாக மூன்றாக ஆனது. தேங்காய்ப்பால் சூட்டில் திரிந்துபோகும் என்பதும், டிகாக்ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு அதைத்தான் க்ரீமரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும் என்பதும் ஏழெட்டு தேங்காய் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குக் கோமதி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அக்கறையோடுதான் கேட்டாள்.

"ஏங்க, காப்பியில முட்ட எதனா ஒடச்சி ஊத்திட்டீங்களா?"

மச்சான் கொண்டுவந்த மூட்டை

இரண்டாவது வாரம் க்ரீமர் திரியாமல் வந்துவிட்டது. கோமதி குடித்தாள். குடிக்கிறாள் என்று தெரிந்து பக்கத்து வீடு கேட்டது, பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடும் கேட்டது, நான் வியாபாரி ஆகிவிட்டேன். செய்தி அண்ணாகிராமத்துக்கும் போனது. அங்கே கோமதியின் தம்பி செந்திலுக்கு முந்திரித் தோப்பு. மறுநாளே ஒரு மூட்டை முந்திரியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் இறக்கினான். அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

அவனுடைய வருத்தம் நியாயமானதுதான். எங்கள் பக்கத்தில் எதைக் கெட்டியாக்க வேண்டுமென்றாலும் கை தானாக முந்திரிக்குத்தான் போகும். குருமாவா, முந்திரி. பாயசமா, முந்திரி. அப்படியிருக்க நான் எங்கிருந்தோ வருகிற பாதாமை வாங்கி அரைப்பது குடும்பத்துக்கே தலைகுனிவு என்றான். பாதாமைவிட முந்திரியில் மாவுச்சத்து கூட, அதனால்தான் சேர்க்கவில்லை என்று விளக்கினேன். அவனுக்குக் கோபம் வந்ததா, துக்கம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, முந்திரி ஆவாதுன்னா எங்க ஊர்ல ஒருத்தன் உசுரோட இருந்திருக்கமாட்டான்!"

ரெண்டு ஸ்பூன்

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். எல்லாவற்றையும் காரண காரியத்தோடு செய்கிறவர். வாரம் ஒரு பாட்டில் வாங்குவார். ஒரு மாதம் கழித்து, "உன் க்ரீமர் பிரமாதம், ஆனா சுகர் ஏறியிருக்கு" என்று என்னைத் தெருவிலேயே நிறுத்திவிட்டார்.

என்னென்ன போடுகிறேன் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், எப்படிக் கலந்து குடிக்கிறீர்கள் சார் என்று கேட்டேன். கையில் வைத்திருந்த பாட்டிலில் நான் ஒட்டியிருந்த சீட்டை விரலால் தட்டிக் காட்டினார். குறை சொல்லும் முகம் இல்லை அது. பரீட்சையில் சரியாக எழுதிய பையனின் முகம்.

"சர்க்கரை இல்லைன்னு நீதானப்பா எழுதியிருக்க? இல்லாததாலதான நான் ரெண்டு ஸ்பூன் போட்டுக்கறேன்!"

மேல் தட்டா, கீழ் தட்டா

சிதம்பரத்தில் எனக்கு வாடிக்கை கிடைத்தது பழைய பம்புக்கடை சிநேகிதர் ஒருவரால். வாரம் இரண்டு முறை ஐஸ் வைத்த பெட்டியோடு காலை பஸ் ஏறுவேன். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஏழெட்டு வீடு. அதில் கீழ வீதி வீட்டு மாமிக்குக் காப்பிதான் எல்லாம், சர்க்கரையும் வந்துவிட்டது. பாட்டிலைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "இது பத்தா, பத்தில்லையா?"

ஆசாரமான வீடுகளில் தண்ணீர் விட்டு அடுப்பில் சமைத்தது பத்து. பால், தயிர், நெய்யை அதோடு ஒட்டவிட மாட்டார்கள். அந்த வீட்டு ஃப்ரிட்ஜில்கூடப் பாலுக்கு மேல் தட்டு, சமைத்ததற்குக் கீழ் தட்டு. நான் யோசித்தேன். தண்ணீர் விட்டு அரைக்கிறேன், அடுப்பில் வைக்கிறேன். அப்போது பத்து. ஆனால் கொதிக்கவிடுவதில்லை. அப்போது இல்லையா? பெயர் தேங்காய்ப்பால், ஆனால் பால் இல்லை. மாமி நடையில் நின்று யோசித்தார், நான் வாசலில் நின்று யோசித்தேன், பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பம்பு விற்ற காலத்தில் எத்தனை குதிரைசக்தி என்றுதான் கேட்பார்கள். கடைசியில் மாமி உள்ளே திரும்பி மருமகளுக்குக் குரல் கொடுத்தார்.

"மேல் தட்டுலயும் வெக்காதே, கீழ் தட்டுலயும் வெக்காதே. கதவுல தண்ணி பாட்டில் பக்கத்துல நிக்கட்டும். சாயங்காலம் உன் மாமனார் வந்து என்னன்னு சொல்லட்டும்!"

பெண் பார்க்க வந்தவர்கள்

மேல்பட்டாம்பாக்கத்தில் பத்திரம் எழுதுகிற ஒருவர் என் வாடிக்கை. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சர்க்கரை. மகளைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் சர்க்கரை என்று முன்பே தெரியும். மனுஷர் நல்லெண்ணத்தில், வந்த அத்தனை பேருக்குமே என் க்ரீமரில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் முறை வருகிற சம்பந்திக்குச் சர்க்கரை இல்லாத காப்பியா? மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாராம். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்களாம்.

பத்திரக்காரர் எனக்கு போன் செய்து, இனி என்ன வழி என்று தரகரைக் கேட்பது மாதிரி என்னைக் கேட்டார். ஒரு பெண்ணின் கல்யாணம் என் பாட்டிலால் கெட்டுப்போனதே என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே மறுபடி போன் செய்தார். மாப்பிள்ளையின் அப்பா அவரைக் கூப்பிட்டுப் பேசினாராம். குரலில் சந்தோஷமா வருத்தமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"சம்மதமா இல்லியான்னு நான் கேக்கறன், அந்தக் காப்பி பாலு ரெண்டு பாட்டில் வேணும்ங்கறாரு. இத நான் என்னான்னு எடுத்துக்கறது, சொல்லுங்க!"

குறையாத ரிப்போர்ட்

இப்படி ஊரெல்லாம் க்ரீமர் போய்க்கொண்டிருக்கும்போது மூன்று மாதம் முடிந்தது. லேபில் ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். கோமதியின் நாலு டம்ளரும் என் க்ரீமருக்கு மாறிவிட்டன. சாயங்காலம் நடக்கிறாள். ராத்திரி இரண்டே சப்பாத்தி. குறைந்துதான் இருக்கும் என்று ஸ்வீட் கடைப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிரித்தேன். குறையவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

டாக்டரம்மா கோமதியைக் கேட்டார், என்னைக் கேட்டார், தனித்தனியாகவும் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குச் சீனித்துளசிப் பொடியின் மேல் சந்தேகம் வந்தது. சில பொடிகளில் எடை கூடுவதற்காக வேறு மாவு கலப்பதுண்டு. டப்பாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை. பிறகு பாதாம் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது, தேங்காய் மேல் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோமதி மேலும் வந்தது. அரிசி டப்பாவில் மிட்டாய் இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் நின்றது.

"இன்னும் ஒரு மூணு மாசம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க, ஊசி எழுதிடுவேன்."

அளவு டம்ளர்

விஷயம் தெரிந்து செந்தில் ஓடிவந்தான். இந்தத் தடவை முந்திரி இல்லை. என் க்ரீமரில்தான் ஏதோ கோளாறு, தன் கண்ணால் பார்க்காமல் போகமாட்டேன் என்று சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். நான் அரைத்தேன், பிழிந்தேன், சூடுபண்ணினேன். ஒவ்வொன்றையும் போலீஸ்காரர் மாதிரி பார்த்தான். பாட்டிலில் ஊற்றுவதற்கு முன் வழக்கப்படி ருசி பார்க்கும் கட்டம் வந்தது.

அதற்கு நாங்கள் வைத்திருந்த முறை இது. க்ரீமர் அசல் காப்பியின் ருசிக்குக் கிட்டே வந்ததா என்று பார்க்க, பக்கத்தில் அசல் காப்பி ஒன்று இருந்தால்தானே தெரியும்? பம்புக்கடையில் புது பம்பை ஓடவிடும்போது பக்கத்தில் நல்ல பம்பு ஒன்றை ஓடவிட்டுத் தண்ணீரை ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்தப் பழக்கம். அதனால் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் கள்ளிச்சொட்டுப் பாலில், ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, ஒரு டம்ளர் அசல் காப்பி கலந்து வைப்பேன். அதன் பெயர் அளவு டம்ளர். எங்கள் வீட்டில் காப்பி ருசி தெரிந்த நாக்கு கோமதியுடையது. அவள் அசலில் ஒரு வாய், க்ரீமர் காப்பியில் ஒரு வாய், சந்தேகம் வந்தால் மறுபடி அசலில் ஒரு வாய். சந்தேகம் எப்போதும் வரும். அன்றும் செந்தில் கண்ணெதிரே வந்தது. அசல் டம்ளர் காலியானது.

"மாமா, அக்கா இப்ப என்னா குடிச்சிது?" என்றான் அவன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் வாரம் ஒருமுறை காய்ச்சினேன். சிதம்பரம் சேர்ந்ததும் வாரம் மூன்று. மேல்பட்டாம்பாக்கம் சேர்ந்ததும் தினமும், சில நாள் இரண்டு தரம். வியாபாரம் ஏற ஏற அளவு டம்ளரும் ஏறியிருக்கிறது. அதைத் தினமும் கலந்து அவள் கையில் கொடுத்தவன் நான். அரிசி டப்பாவில் கைவிட்டுத் தேடியவனும் நானேதான். எனக்கு அழுகை வந்தது. செந்தில் இருந்ததால் தேங்காய் துருவுவதற்குத் திரும்பிக்கொண்டேன். டாக்டரம்மா அத்தனை முறை கேட்டாரே, ஏன் சொல்லவில்லை என்று அவன் அக்காவைக் கேட்டான். கோமதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உண்மையிலேயே குழம்பித்தான் போயிருந்தாளா, இல்லை, அந்தக் குழப்பம் அவளுக்கு வசதியாக இருந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அது நான் குடிச்ச காப்பி இல்லியேடா. அது டெஸ்ட்டு!"

அளவு இல்லாத மூன்று மாதம்

அளவு டம்ளரை அன்றோடு நிறுத்தினோம். ருசி பார்ப்பதையும் நானே ஏற்றுக்கொண்டேன். என் நாக்குக்கு டீயும் காப்பியும் ஒன்றுதான் என்பதால், நிறத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பில் பாட்டிலில் ஊற்றி அனுப்பினேன். வாடிக்கை மொத்தமும் கைவிட்டுப் போகும் என்று தயாராக இருந்தேன். ஒருவரும் போகவில்லை. கீழ வீதி மாமி, "இப்போதான் உமக்குக் கை வந்திருக்கு" என்று இரண்டு பாட்டில் கூட வாங்கினார். தலைமையாசிரியர் ஸ்பூனை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார், காரணம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கோமதி முதல் வாரம் தலைவலி என்று படுத்துக் கிடந்தாள். சமையலறைப் பக்கமே வரமாட்டாள். நான் காய்ச்சும்போது பின்பக்கம் போய்த் துணி துவைப்பாள், துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள். பார்க்கப் பாவமாக இருந்தது. கேட்டால் ஒரு வாய் அசல் காப்பி கொடுத்துவிடுவேனோ என்று எனக்கு என் மேலேயே பயம். அவள் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வாங்க இரண்டு பேருமே போனோம். பிரிக்க என் கை வரவில்லை, அவள்தான் பிரித்தாள். குறைந்திருந்தது. லேசாக இல்லை, நன்றாகவே. டாக்டரம்மா ஊசிப் பேச்சை எடுக்கவே இல்லை, அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் கோமதி செருப்பைக் கழற்றி, வெயிலில் சுடுகிற சிமென்ட் தரையில் பத்து விரலையும் ஊன்றி ஒரு நிமிஷம் நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. ஆட்டோவில் ஏறியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாத்தியா, கடைசியில் நம்ம க்ரீமர் ஜெயித்துவிட்டது என்றேன். அவள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"க்ரீமரு இல்லீங்க. நீங்க நல்லா இருக்குதான்னு என்னக் கேக்கறத நிறுத்துனீங்க பாருங்க, அதுல கொறஞ்சது."

ஆகவே அன்பர்களே, ஊருக்கெல்லாம் சர்க்கரை இல்லாத க்ரீமர் காய்ச்சுகிற இந்த ஆறு மாதத்தில் அதனால் யாருக்குச் சர்க்கரை குறைந்தது என்று யாராவது என்னைக் கேட்டால், அதை ருசி பார்க்காமல் துணி துவைக்கப் போன ஒரே ஒரு அம்மாளுக்கு என்றுதான் மனசறிந்து சொல்ல முடிகிறது.